ஹுவான் சோட்டோவின் நான்கு சட்டைகள்

கேள்வி கேட்டவர் கிரிக்கெட்டில் ஊறியவர், பேஸ்பாலுக்குப் புதியவர். அவர் கேட்டதன் சாரம் இது: ஹுவான் சோட்டோ 2022 ஜூலை வரை வாஷிங்டன் நேஷனல்ஸில் இருந்தார். அந்த ஆகஸ்டில் சான் டியேகோ பாட்ரேஸ் சட்டை. 2023 டிசம்பரில் நியூயார்க் யாங்கீஸ். 2024 டிசம்பரில் அதே ஊரின் இன்னொரு அணியான மெட்ஸ், 76.5 கோடி டாலருக்கு. "இவ்வளவு நல்ல ஆட்டக்காரரை முதல் இரண்டு டீமும் ஏன் கையை விட்டு விட்டன? யாங்கீஸிடம் இல்லாத பணமா? ஐபிஎல் மாதிரி ஒரு ஏலம் வைத்தால் விஷயம் முடிந்ததே?"

ஏலம் ஏன் இல்லை என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஏலத்தில் ஜெயித்த அணிக்கு வீரர் போயே ஆக வேண்டும். அமெரிக்க பேஸ்பாலில் ஃப்ரீ ஏஜென்ட் ஆன ஒருவர், அதாவது எந்த அணிக்கும் கட்டுப்படாதவர், எங்கே போவது என்பதைத் தானே முடிவு செய்வார். அதிகத் தொகை சொன்னவரை வேண்டாம் என்றும் சொல்லலாம். அந்த உரிமைக்காக ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் அடி வாங்கியிருக்கிறார்கள், அது லேசில் கைவிடும் விஷயம் இல்லை.

மற்ற கேள்விகளுக்குக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். இந்த விளையாட்டில் ஒரு வீரரின் விலையைப் பேசும்போது அணிக்கு ஆள் எடுக்கும் ஜெனரல் மேனேஜர்கள் முதலில் பார்ப்பது ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) கணக்கை அல்ல. "இன்னும் எத்தனை வருஷம் நம் கையில் இருப்பான்?" என்பதைத்தான். மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர் மரத்தையும் பார்ப்பார், குத்தகையில் எத்தனை வருஷம் பாக்கி என்பதையும் பார்ப்பார் இல்லையா, அது மாதிரி. பாக்கி வருஷம் குறையக் குறைய, அதே மரத்துக்குக் குத்தகை விலை இறங்கிக்கொண்டே வரும். சோட்டோவின் நான்கு சட்டைகளையும் இந்த ஒரு கணக்கை வைத்தே விளக்கிவிடலாம்.

விதி இப்படி. மேஜர் லீக்கில் ஆறு வருஷ சர்வீஸ் முடித்தால்தான் ஒருவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆக முடியும். சர்வீஸ் என்பது மேஜர் லீக் அணியில் இருந்த நாள் கணக்கு; ஒரு வருஷ சர்வீஸ் என்றால் 172 நாள். சீசன் அதைவிட இரண்டு வாரம் போல நீளம். இந்தச் சின்ன இடைவெளியில்தான் எல்லா விளையாட்டும் நடக்கும். 2015-ல் சிகாகோ கப்ஸ் அணியிடம் கிரிஸ் பிரையன்ட் என்ற பையன் இருந்தார். பயிற்சி ஆட்டங்களில் எல்லாரையும் துவைத்து எடுத்தார். இருந்தும் சீசன் தொடங்கியபோது அவரைக் கீழ்மட்டமான மைனர் லீக்குக்கு அனுப்பினார்கள். ஃபீல்டிங் இன்னும் தேற வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். ஏப்ரல் 17-ல் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு நாளில் ஃபீல்டிங் தேறிவிட்டது போல! அந்த வருஷக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் அவருக்கு 171 நாள் சர்வீஸ். ஒரே ஒரு நாள் குறைவு, ஒரு முழு வருஷம் தள்ளிப் போனது. அவர் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் விருதும் வாங்கினார். பிறகு வீரர்கள் சங்கம் மூலமாக முறையிட்டுப் பார்த்தார். 2020-ல் நடுவர் அணி பக்கமே தீர்ப்புச் சொன்னார். லீக்கும் சங்கமும் போட்ட 2022 ஒப்பந்தத்தில், சிறந்த புதுமுகம் வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தால் முழு வருஷ சர்வீஸ் உண்டு என்று ஒரு ஓட்டையை அடைத்தார்கள். மிச்ச ஓட்டைகள் அப்படியேதான் இருக்கின்றன.

ஆறு வருஷம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை, அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

பல பத்தாண்டுகளாக எல்லா வீரர் ஒப்பந்தத்திலும் ரிசர்வ் கிளாஸ் என்று ஒரு ஷரத்து இருந்தது. ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குத்தான். ஆனால் அதைப் புதுப்பிக்கும் உரிமை அணிக்கு. புதுப்பித்த ஒப்பந்தத்திலும் அதே ஷரத்து இருப்பதால் அதையும் புதுப்பிக்கலாம், அடுத்ததையும் புதுப்பிக்கலாம், சாகும்வரை புதுப்பிக்கலாம் என்று முதலாளிகள் அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். 1922-ல் உச்ச நீதிமன்றமும் பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டம் பொருந்தாது என்று சொல்லி அவர்களுக்கு வழிவிட்டது. 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் பன்னிரண்டு சீசன் ஆடியிருந்த கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின வீரரை ஃபிலடெல்ஃபியாவுக்கு ட்ரேட் செய்தார்கள், அதாவது அந்த அணியின் ஆட்களுக்கு மாற்றாகக் கொடுத்தார்கள். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போக மாட்டேன் என்றார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் லீக் கமிஷனருக்குக் கடிதம் எழுதினார்: என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்க நான் ஒரு சொத்து இல்லை என்பது அதன் சாரம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1972-ல் 5-க்கு 3 என்று தோற்றது. 1970 முழுக்க அவர் ஆடவில்லை. 1971-ல் திரும்பி வந்து 13 ஆட்டத்தோடு நின்றுவிட்டார். மரத்தை நட்டவர் ஒருவர், பழம் தின்றவர் வேறொருவர்.

பழம் கிடைத்தது 1975-ல். டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், தன்னைக் கேட்காமல் ட்ரேட் செய்யக் கூடாது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். அணி மறுத்தது. அவர் கையெழுத்துப் போடாமலே அந்த சீசன் முழுக்க ஆடினார். டேவ் மெக்நாலி என்ற இன்னொரு பிட்சரும் அதேபோல் கையெழுத்துப் போடாதவர், பாதி சீசனில் ஆட்டத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார், அவர் பெயரையும் சங்கம் புகாரில் சேர்த்துக்கொண்டது. நடுவர் பீட்டர் சைட்ஸ் ஷரத்தைப் படித்துப் பார்த்து, ஒரு வருஷம் புதுப்பிக்கலாம் என்றால் ஒரு வருஷம்தான், அதற்கு மேல் அந்த ஆள் சுதந்திரம் என்று 1975 டிசம்பர் 23-ல் சொல்லிவிட்டார். முதலாளிகள் அன்றைக்கே சைட்ஸை வேலையை விட்டுத் தூக்கினார்கள். தீர்ப்பைத் தூக்க முடியவில்லை.

இங்கேதான் சங்கத் தலைவர் மார்வின் மில்லரின் சாமர்த்தியம். தீர்ப்புப்படி பார்த்தால் எல்லா வீரரும் வருஷா வருஷம் ஃப்ரீ ஏஜென்ட் ஆகலாம். ஓக்லாந்து அணி முதலாளி சார்லி ஃபின்லி, "அப்படியே எல்லாரையும் விட்டுவிடுங்கள்" என்று சக முதலாளிகளிடம் சொன்னார். அவரை ஒரு கோமாளியாகத்தான் பார்த்தார்கள். மில்லர் பயந்தது அந்தக் கோமாளியின் யோசனைக்கு மட்டும்தான். ஒரே நாளில் எல்லார் தோட்டத்துத் தக்காளியும் சந்தைக்கு வந்தால் விலை என்னாகும்? அதனால் பேச்சுவார்த்தையில் மில்லர் "விட்டுக்கொடுத்து", ஆறு வருஷம் ஆனவர்கள் மட்டும் என்று ஒப்புக்கொண்டார். முதலாளிகள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்கள். வருஷத்துக்குச் சில நல்ல தக்காளி மட்டும் சந்தைக்கு வரும், அதற்கு எல்லா அணிகளும் அடித்துக்கொள்ளும். சோட்டோவின் 76.5 கோடிக்கு வேர் 1976-ல் நடந்த அந்தப் பேச்சில் இருக்கிறது.

சரி, ஆறு வருஷமும் சம்பளம் எப்படி? முதல் மூன்று வருஷம் அணி கொடுப்பதுதான். பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டி இருக்கும், 2025-ல் அது 7.6 லட்சம் டாலர். சாதாரண மனிதருக்கு அது பெரும் பணம். ஆனால் பக்கத்து லாக்கர்காரர் 3 கோடி வாங்குகிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று வருஷம் ஆர்பிட்ரேஷன். அணி ஒரு தொகை சொல்லும், வீரர் ஒரு தொகை சொல்வார், மூன்று நடுவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். நடுவில் ஒரு தொகை சொல்ல முடியாது. அதனால் இரண்டு பக்கமும் அதீதமாகக் கேட்கப் பயப்படும் என்பது ஏற்பாட்டின் நோக்கம்.

ஆனால் அந்த அறைக்குள் உட்காருவது கொடுமை. மேஜைக்கு ஒரு பக்கம் வீரர். எதிர்ப்பக்கம் அவருடைய சொந்த அணியின் வக்கீல். வக்கீலின் வேலை இந்த ஆள் அவ்வளவு நல்ல ஆட்டக்காரர் இல்லை என்று நிரூபிப்பது. 2023-ல் மில்வாக்கி ப்ரூவர்ஸ் பிட்சர் கார்பின் பர்ன்ஸ் 1.075 கோடி டாலர் கேட்டார், அணி 1.001 கோடி என்றது. வித்தியாசம் 7.4 லட்சம். அணி ஜெயித்தது. 2021-ல் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியவர் அவர். முந்தைய சீசனில் அணி ப்ளேஆஃப் போகாததற்குத் தன்னைக் காரணம் காட்டினார்கள், உறவு புண்பட்டுவிட்டது என்று வெளியில் வந்து வெளிப்படையாகவே சொன்னார். ஒரு வருஷத்தில் பால்டிமோருக்கு ட்ரேட். அதற்கடுத்த குளிர்காலத்தில் ஃப்ரீ ஏஜென்டாக அரிசோனாவுடன் ஆறு வருஷம், 21 கோடி. பர்ன்ஸை எப்படியும் ஒருநாள் விற்றிருப்பார்கள், ப்ரூவர்ஸ் பட்ஜெட் அப்படி. ஆனாலும் 7.4 லட்சத்துக்காக ஒரு சை யங் பிட்சரின் முகத்துக்கு நேரே குறை சொன்னது எனக்கு இன்றைக்கும் அற்பமாகத்தான் படுகிறது.

இப்போது சோட்டோ. டொமினிகன் குடியரசுப் பையன். 2015-ல் நேஷனல்ஸ் 15 லட்சம் டாலர் கொடுத்துச் சேர்த்தது. 2018 மே 20-ல் 19 வயதில் மேஜர் லீக். 2019-ல் வேர்ல்ட் சீரிஸ், அதாவது சீசன் முடிவில் வரும் இறுதிப் போட்டியின் கோப்பை. மே மாதம் வந்ததால் முதல் வருஷம் முழு சர்வீஸாகக் கணக்கில் வரவில்லை. ஆக அவருடைய ஃப்ரீ ஏஜென்ஸி 2023-க்குப் பதில் 2024 முடிவில். இன்னொரு பக்கம், மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக சர்வீஸ் உள்ளவர்களில் முன்வரிசையில் இருப்பவர்களுக்கு ஆர்பிட்ரேஷன் ஒரு வருஷம் முன்னாலேயே கிடைக்கும். சூப்பர் டூ என்பார்கள். சோட்டோவுக்கு அது கிடைத்தது: 2021-ல் 85 லட்சம், 2022-ல் 1.71 கோடி, 2023-ல் 2.3 கோடி, 2024-ல் 3.1 கோடி. கடைசித் தொகை ஆர்பிட்ரேஷன் வீரர்களில் அதுவரை இல்லாத உச்சம்.

2022 ஜூலையில் நேஷனல்ஸ் அவருக்கு 15 வருஷம், 44 கோடி டாலர் நீட்டியது. வேண்டாம் என்றார். பைத்தியமா என்று நிறைய பேர் கேட்டார்கள். வருஷத்துக்கு வகுத்தால் 3 கோடிக்கும் கீழே வருகிறது என்பதைக் கவனித்தவர்கள் கேட்கவில்லை. அணி அப்போது கடைசி இடத்தில் கிடந்தது, முதலாளிக் குடும்பம் அணியையே விற்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜூன் முதல் தேதிதான் ஜெனரல் மேனேஜர் மைக் ரிசோ சோட்டோவை ட்ரேட் செய்ய மாட்டோம் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார். இரண்டே மாதம். குத்தகையில் இரண்டரை சீசன் பாக்கி. இப்போது விற்றால் உச்ச விலை, ஒரு வருஷம் தள்ளிப்போட்டால் பாதி. ஆகஸ்ட் 2, ட்ரேட் செய்யக் கடைசி நாள், சோட்டோவையும் ஜோஷ் பெல்லையும் சான் டியேகோவுக்குக் கொடுத்து ஆறு பேரை வாங்கினார்கள். அவர்களில் சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்ஸி கோர், ஜேம்ஸ் வுட் மூன்று பேரும் பின்னால் ஆல்-ஸ்டார் (அந்த ஆண்டின் நட்சத்திர அணிக்குத் தேர்வானவர்) ஆனார்கள். விற்றவர்களுக்கு லாபம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அணி? 2025-லும் 96 ஆட்டம் தோற்றது, ரிசோவின் வேலையும் போனது. ஒரு ட்ரேட் ஜெயிப்பதற்கும் அணி ஜெயிப்பதற்கும் நடுவே நிறைய தூரம்.

அந்த ட்ரேடில் ஒரு சின்னக் காட்சி. முதலில் பேசியபடி சான் டியேகோ அனுப்ப வேண்டிய ஆறாவது ஆள் எரிக் ஹாஸ்மர். அவருடைய ஒப்பந்தத்தில், இன்னின்ன அணிகளுக்கு என் சம்மதம் இல்லாமல் அனுப்பக் கூடாது என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் வாஷிங்டன் இருந்தது. மாட்டேன் என்றார். இந்தத் தலைமுறையின் மிகப் பெரிய ட்ரேட் சில மணி நேரம் அந்தரத்தில் தொங்கியது. கடைசியில் அவருக்குப் பதில் லூக் வாய்ட்டை அனுப்பினார்கள், ஹாஸ்மர் அன்றைக்கே பாஸ்டனுக்குப் போனார். ஹாஸ்மர் மாதிரி பேரம் பேசி வாங்கியது போக, பொதுவான உரிமையும் ஒன்று உண்டு. பத்து வருஷ சர்வீஸ் முடித்து, அதில் கடைசி ஐந்து வருஷமும் ஒரே அணியில் இருந்தால் எந்த ட்ரேடையும் மறுக்கலாம். கர்ட் ஃப்ளட் பெயரால்தான் அதைச் சொல்வார்கள். ஃப்ளட்டுக்கு அது இருந்திருந்தால் கடிதமே எழுதியிருக்க வேண்டாம்.

சான் டியேகோ ஏன் விட்டது? அங்கே முதலாளி பீட்டர் சைட்லர் ஊர் சக்திக்கு மீறிச் செலவழித்துக்கொண்டிருந்தார். 2023 நவம்பரில் இறந்துபோனார். சம்பளச் செலவைக் குறைத்தே ஆக வேண்டிய நிலை, சோட்டோவின் குத்தகையோ ஒரே வருஷம் பாக்கி. ஒரு மாதத்துக்குள் அவரை யாங்கீஸுக்கு அனுப்பி ஐந்து பேரை வாங்கினார்கள். முன்பு கொடுத்தது போல வைரம் எதுவும் கிடைக்கவில்லை. மைக்கேல் கிங் என்ற நல்ல பிட்சர், இன்னும் மூன்று இளம் பிட்சர்கள், ஒரு விக்கெட் கீப்பர் மாதிரியான கேட்சர். பிட்சர்களே இல்லாமல் காய்ந்து கிடந்த அணிக்கு அது தேவைதான். அந்த இளம் பிட்சர்களில் ஒருவரான ட்ரூ தார்ப்பையும் வேறு சிலரையும் மூன்றே மாதத்தில் சிகாகோ வைட் சாக்ஸுக்கு அனுப்பி டிலன் சீஸ் என்ற பெரிய பிட்சரை வாங்கினார்கள். யாங்கீஸுக்கு சோட்டோவோடு சேர்த்து ட்ரென்ட் கிரிஷம் என்ற அவுட்ஃபீல்டரும் போனார். காய்கறிக்காரர் கடைசியில் கறிவேப்பிலை, கொத்தமல்லி போடுவார் இல்லையா, அந்த மாதிரிக் கொசுறு. இந்தக் கொசுறை நினைவில் வையுங்கள்.

2024-ல் யாங்கீஸுக்காக சோட்டோ 41 ஹோம் ரன். க்ளீவ்லாந்தில் பத்தாவது இன்னிங்ஸில் அடித்த மூன்று ரன் ஹோம் ரன் அணியை வேர்ல்ட் சீரிஸுக்கே கொண்டுபோனது. அங்கே டாட்ஜர்ஸிடம் தோற்றார்கள். ஐந்து நாள் கழித்து சந்தை திறந்தது.

சந்தை திறக்கும்போது முதலில் வருவது குவாலிஃபையிங் ஆஃபர். லீக்கில் அதிகச் சம்பளம் வாங்கும் 125 பேரின் சராசரியை ஒரு வருஷச் சம்பளமாக அணி நீட்டலாம். அந்தக் குளிர்காலத்தில் அது 2.105 கோடி. வீரர் மறுத்துவிட்டு வேறு அணிக்குப் போனால், புது அணி டிராஃப்ட் தேர்வுகளை (புது இளைஞர்களை வரிசை முறையில் எடுக்கும் வாய்ப்பு) இழக்கும், பழைய அணிக்கு ஒரு தேர்வு ஆறுதலாகக் கிடைக்கும். சோட்டோ அளவுக்கு இதெல்லாம் டீக்காசு. நடுத்தர ஆட்டக்காரர்களுக்குத்தான் இது கழுத்தில் கட்டிய கல். ஒரு 33 வயதுக்காரரை எடுக்க எந்த அணியும் டிராஃப்ட் தேர்வை இழக்க யோசிக்கும், அவர் பிப்ரவரி வரை போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

2024 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. டல்லாஸில் எல்லா அணி மேலாளர்களும் ஏஜென்ட்களும் ஒரே ஹோட்டலில் கூடும் வின்டர் மீட்டிங்ஸ் மறுநாள் ஆரம்பம். செய்தி வந்தது: மெட்ஸ், 15 வருஷம், 76.5 கோடி. நான் இருப்பது நியூ ஜெர்சியில். திங்கட்கிழமை ஆபீசில் யாங்கீஸ் ரசிகர்கள் சாவு வீட்டிலிருந்து வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மெட்ஸ் ரசிகர் ஒருவர் எல்லாருக்கும் டோனட் வாங்கி வந்து, யாங்கீஸ்காரர்கள் மேஜையில் மட்டும் இரண்டாக வைத்தார்.

யாங்கீஸ் 16 வருஷத்துக்கு 76 கோடி வரை போனதாகச் செய்திகள் வந்தன. ஆக, பணம் இல்லாததால் இழக்கவில்லை. வருஷக் கணக்கில் பார்த்தால் மெட்ஸ் 5.1 கோடி, யாங்கீஸ் 4.75 கோடி. அதோடு மெட்ஸ் ஒப்பந்தத்தில் 7.5 கோடி கையெழுத்துப் பணம். ஐந்து வருஷம் கழித்து சோட்டோ விலகிக்கொள்ளலாம். அணி அவரை நிறுத்த வேண்டுமானால் மிச்சப் பத்து வருஷத்துக்கும் வருஷத்துக்கு 40 லட்சம் கூட்ட வேண்டும், அப்போது மொத்தம் 80.5 கோடி. ஏஜென்ட் ஸ்காட் போராஸ் 'இப்போது வேண்டாம்' என்று அவரைப் பொறுமையாக வைத்திருந்ததன் பலன் இது. 44 கோடியை மறுத்தவரைப் பைத்தியம் என்றவர்கள் பிறகு வாயைத் திறக்கவில்லை.

டாட்ஜர்ஸ் ஷோஹெய் ஓடானிக்குக் கொடுத்த 70 கோடி இதைவிடச் சின்னது மட்டும் அல்ல, வேறு சரக்கு. அதில் 68 கோடியைப் பிற்பாடு தருவதாக எழுதியிருக்கிறார்கள். ஆடும் பத்து வருஷமும் ஆண்டுக்கு வெறும் 20 லட்சம். 2034 முதல் 2043 வரை ஆண்டுக்கு 6.8 கோடி, வட்டி கிடையாது. இருபது வருஷம் கழித்துக் கிடைக்கும் ரூபாய் இன்றைய ரூபாய் இல்லை என்பது சீட்டுப் போட்ட எல்லாருக்கும் தெரியும். லீக்கின் கணக்கும் அதையே சொல்கிறது. ஆண்டுக்கு 7 கோடியாகத் தெரியும் ஒப்பந்தத்தை 4.6 கோடியாகத்தான் எண்ணுகிறார்கள். இந்த எண்ணிக்கை ஏன் முக்கியம் என்றால், பேஸ்பாலில் சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது, வரி உண்டு. 2025-ல் மொத்தச் சம்பளம் 24.1 கோடியைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு முதல் வருஷம் 20 சதவீதம், தொடர்ந்து தாண்டினால் 30, பிறகு 50. மிக அதிகமாகத் தாண்டுபவர்களுக்கு மேல்வரி சேர்ந்து 110 சதவீதம் வரை ஏறும். அதாவது ஒரு டாலர் சம்பளம் கொடுத்தால் லீக்குக்கு அதைவிட அதிகமாக வரி. மெட்ஸ் முதலாளி ஸ்டீவ் கோயனை மனதில் வைத்தே அந்த மேல் அடுக்கைப் போட்டார்கள் என்பதால் அதற்கு அவர் பெயரே விழுந்துவிட்டது.

பின்னால் தருகிறேன் என்று சொன்ன பணத்துக்கு மெட்ஸிடம் இன்னொரு புகழ்பெற்ற உதாரணம் இருக்கிறது. 2000-ல் பாபி போனியா என்ற வீரரை வெளியேற்ற 59 லட்சம் டாலர் தர வேண்டியிருந்தது. அப்போது தராமல், 8 சதவீத வட்டியோடு 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1-ம் தேதியும் சுமார் 11.9 லட்சம் என்று எழுதிக்கொடுத்தார்கள். அவர் ஆடுவதை நிறுத்தி இரண்டு தலைமுறை ஆட்டக்காரர்கள் வந்து போய்விட்டார்கள். ஜூலை முதல் தேதி இன்னும் சம்பளம் போய்க்கொண்டிருக்கிறது.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்காத, ஆனால் எனக்கு மிக சுவாரசியமான பகுதி: விட்டுப்போன யாங்கீஸ் அந்தக் குளிர்காலத்தில் என்ன செய்தது? ஆண்டுக்கு 4.75 கோடி கையில் மிஞ்சியது. சோட்டோவுக்கு மாற்று சந்தையில் இல்லை. அதனால் ஜெனரல் மேனேஜர் பிரையன் கேஷ்மன் அந்தத் தொகையைச் சில்லறையாக மாற்றினார். இரண்டே நாளில் பிட்சர் மேக்ஸ் ஃப்ரீட், எட்டு வருஷம், 21.8 கோடி. அந்த வாரமே மில்வாக்கியிலிருந்து கடைசி இன்னிங்ஸ் பிட்சர் டெவின் வில்லியம்ஸ். குத்தகையில் ஒரு வருஷம் மட்டும் பாக்கி என்பதால் நெஸ்டர் கோர்டெஸையும் கேலப் டர்பினையும் கொஞ்சம் பணத்தையும் கொடுத்தாலே கிடைத்தார். அப்புறம் கோடி பெலிஞ்சர் என்ற அவுட்ஃபீல்டர். சிகாகோ கப்ஸுக்கு அவருடைய சம்பளத்தை இறக்கிவைக்க வேண்டியிருந்தது. பெயர் தெரியாத ஒரு பிட்சரை வாங்கிக்கொண்டு மேற்கொண்டு 50 லட்சத்தையும் கொடுத்து அனுப்பிவைத்தது. கடைசியாக 37 வயது பால் கோல்ட்ஷ்மிட், ஒரு வருஷம், 1.25 கோடி. ஒரு பெரிய நோட்டைக் கொடுத்து நாலு சாமான்.

இதெல்லாம் செய்யும்போது 40 பேர் பட்டியல் என்று ஒரு தொல்லை உண்டு. களத்துக்கான 26 பேர் அதற்குள் அடக்கம். 40 சீட் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒருவர் ஏறினால் ஒருவர் இறங்க வேண்டும். மைனர் லீக்கில் நாலைந்து வருஷம் ஆன பையன்களை நவம்பருக்குள் இந்த பஸ்ஸில் ஏற்றாவிட்டால், டிசம்பரில் ரூல் 5 டிராஃப்டில் வேறு அணி ஒரு லட்சம் டாலருக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் தூக்கியவர் அடுத்த சீசன் முழுக்க அவரைத் தன் 26 பேருக்குள் வைத்திருக்க வேண்டும். இந்த வழியில்தான் 1954-ல் டாட்ஜர்ஸ் ராபர்டோ க்ளெமென்டேவைப் பிட்ஸ்பர்கிடம் பறிகொடுத்தது. விலை 4,000 டாலர். க்ளெமென்டே பின்னால் 3,000 ஹிட் அடித்தார். சோட்டோ ட்ரேடில் யாங்கீஸ் கொடுத்த ஐந்து பேரில் நான்கு பேர் பஸ்ஸில் இருந்தவர்கள், வந்தது இரண்டு பேர். இரண்டு சீட் காலி. ட்ரேட் செய்தியில் யாரும் இதை எழுத மாட்டார்கள், ஆனால் ஆபீசில் பலகை முன்னால் நிற்பவர்களுக்கு அதுவும் லாபக் கணக்குதான்.

திட்டம் பலித்ததா என்றால், பாதி. 2025 மார்ச்சில் முதன்மை பிட்சர் கெரிட் கோலுக்கு முழங்கை அறுவை சிகிச்சை, சீசன் முழுக்கப் போயிற்று. அவர் இடத்தில் ஃப்ரீட் நின்று 19 வெற்றி எடுத்தார். பெலிஞ்சர் 29 ஹோம் ரன். வில்லியம்ஸ் சொதப்பினார். அவரிடமிருந்து கடைசி இன்னிங்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள், அவரும் அடுத்த டிசம்பரில் மெட்ஸுக்கே போனார். சோட்டோ இருந்த 2024-ல் யாங்கீஸ் 94 ஆட்டம் ஜெயித்தது. இல்லாத 2025-லும் சரியாக 94. மெட்ஸில் சோட்டோ 43 ஹோம் ரன், 38 திருட்டு பேஸ் என்று தன் பங்குக்குக் குறை வைக்கவில்லை. அணி 89-லிருந்து 83-க்கு இறங்கி, சீசனின் கடைசி நாளில் ப்ளேஆஃப் வாய்ப்பை இழந்தது. டோனட் வாங்கிவந்தவர் அன்றைக்கு மறுநாள் லீவு போட்டுவிட்டார்.

அந்தக் கொசுறு, ட்ரென்ட் கிரிஷம்? 2024-ல் பெஞ்சில் உட்கார்ந்து, கிடைத்த வாய்ப்பில் .190 சராசரி, 9 ஹோம் ரன். அவரை விட்டுவிடுங்கள் என்று என் பக்கத்து சீட்டுக்காரரே கத்தியிருக்கிறார். 2025-ல் சோட்டோ போனபின் கிடைத்த வாய்ப்பில் 34 ஹோம் ரன் அடித்தார். ஆறு வருஷம் முடிந்து அவரும் ஃப்ரீ ஏஜென்ட். யாங்கீஸ் அவருக்கு நீட்டிய குவாலிஃபையிங் ஆஃபர் 2.2025 கோடி. முந்தைய வருஷச் சம்பளம் 50 லட்சம். சந்தைக்குப் போய் டிராஃப்ட் தேர்வு என்ற கல்லைக் கழுத்தில் கட்டிக்கொண்டு அலைவதா என்று யோசித்திருப்பார். ஒரு வார்த்தை பேசாமல் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.